தண்ணீர் வைக்காதே என்று சொன்னது

வேதாரண்யம்,
பங்குனி 20

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆனால் கோழி கூரைமேல் ஏறிவிட்டால் மட்டும் அந்த வலி எங்கே போகிறதோ தெரியவில்லை.

போனில் பேசியதெல்லாம் போதாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னதால் வந்த வினைதான் இது. பாப்பா பின்னால் விசும்பிக்கொண்டிருக்க, நீ "பரவால்லக்கா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று சொன்னாயே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நீ அடைப்பெட்டியில் வைத்த இருபது முட்டையில் நாலு கரு கூடாதது, மூன்று ஆரம்பத்திலேயே நின்றுபோனது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது எல்லாருக்கும் நடக்கும். ஆனால் 18ஆம் நாள் வரை உள்ளே துள்ளிக்கொண்டிருந்த பதின்மூன்றில் நாலுதான் வெளியே வந்தது. மிச்சம் ஒன்பதும் முழுசாக வளர்ந்து, இறகு முளைத்து, ஓட்டுக்குள்ளேயே போனதற்கு நான்தான் காரணம். "18 நாளுக்குப் பெட்டியில தண்ணியே வைக்காத" என்று சொன்னது நான். நாலாம் நாளே நீ "ஈரப்பதம் 27தான் காட்டுது" என்றாய். "அந்த மீட்டரு பொய் சொல்லும், விடு" என்றதும் நான்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு முதல் முதலாக அத்தான் தெர்மாகோல் பெட்டியில் குண்டு பல்பும் கம்ப்யூட்டர் ஃபேனும் வைத்து ஒன்று செய்து கொடுத்தாரே, அதில் நான் கார்த்திகை மாசத்தில் அடை வைத்தேன். ஈரம் 50, 55 இருக்கணும் என்று கேள்விப்பட்டு, ஒரு அகலக் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தேன். மீட்டர் 70 காட்டியது. நல்லதுதானே, குஞ்சுக்குக் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு குஞ்சு உப்பிப்போய், கழுத்து வீங்கி, ஓட்டுக்குள் தண்ணீரில் மூழ்கினது போலச் செத்தது. ஒன்றை உடைத்துப் பார்த்தபோது சொளசொளவென்று ஊற்றியது. அதற்குப் பிறகு தண்ணீரே வைக்காமல் பார்த்தேன், பதினாலுக்குப் பன்னிரண்டு வந்தது. அன்றிலிருந்து எனக்கு அது வேதவாக்கு. வேதாரண்யத்துக் காற்றுக்குச் சரியாக இருந்ததை, உன் தாராபுரத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பாகக்கூட இருக்கிறது. நம் வீட்டு உப்பு ஜாடியைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உப்பு விளைகிற ஊரில் வீட்டு உப்பு உதிரியாக இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் ஜாடிக்கு அடியில் தண்ணீரே நிற்கும். உன் வீட்டுக்குப் போன தையில் வந்தபோது உப்பு டப்பாவைக் குலுக்கினால் கலகலவென்று மணல்போல ஓடியது. "பரவாயில்லையே" என்று மட்டும் நினைத்தேன். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். அதற்குக் கீழே காய்ந்தே கிடக்கும். இரண்டு ஊர்க் காற்றும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த ஜாடி எனக்கு அப்போதே சொன்னது. நான் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளை இருக்கிறது. 18 நாளில் அந்தத் துளை வழியாக உள்ளே இருக்கிற தண்ணீரில் கொஞ்சம் வெளியேற வேண்டும். முட்டை வைத்த அன்று இருந்த எடையில் நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை குறைந்தால் சரி. அந்தத் தண்ணீர் போன இடத்தில்தான் முட்டையின் மொண்ணைப் பக்கம் காற்றறை பெரிசாகிறது. கடைசி நாளில் குஞ்சு அந்த அறைக்குள் அலகை நீட்டித்தான் முதல் மூச்சு விடும். தண்ணீர் போதுமான அளவு போகாவிட்டால் அறை சின்னதாகிவிடும், என் கார்த்திகைக் குஞ்சு மாதிரி மூழ்கும். ரொம்பப் போய்விட்டால் உன் குஞ்சு கதைதான். உள்ளே இருக்கிற சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நீ அனுப்பிய போட்டோவில் காற்றறை முட்டையில் பாதிக்கு இருந்தது. சவ்வு வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, அன்றைக்குச் சொல்ல மனசு வரவில்லை.

சரி, நான் தண்ணீர் வைக்காமல் தப்பித்தேன், நீ வைக்காமல் மாட்டிக்கொண்டாய், எப்படி? காற்றைச் சூடாக்கினால் அதன் தாகம் கூடும். அதில் இருக்கிற தண்ணீர் அதே அளவுதான், ஆனால் சூடான காற்றால் இன்னும் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால் மீட்டரில் சதவீதம் இறங்கிவிடும். இங்கே இப்போது வெளியே 30 டிகிரி, ஈரம் 75. அந்தக் காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரி ஆகும்போது 49 காட்டும். கார்த்திகையில் 26 டிகிரி, 90 சதவீதம் என்று வைத்துக்கொள், அதுவும் உள்ளே போனால் 47தான். ஆக எனக்கு எந்த மாசமும் தண்ணீர் இல்லாமலே தானாக 45க்கும் 50க்கும் நடுவில் நிற்கிறது. இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, கடல் செய்த வேலை.

உன் ஊரில் பகல் 35 டிகிரியில் ஈரம் 30 இருந்தால், அது பெட்டிக்குள் 26. உன் மீட்டர் 27 காட்டியதே, அது பொய்யே சொல்லவில்லை. ராத்திரி வெளியே 60 காட்டுகிறது என்று நீ சொன்னாய், அதைப் பார்த்தும் ஏமாறாதே. 24 டிகிரியில் 60 இருக்கிற காற்று, பெட்டிக்குள் சூடானால் 28தான். பகலானாலும் ராத்திரியானாலும் உனக்கு அதே வறட்சிதான். முட்டைக்குள்ளே எப்போதும் நூறு சதவீத ஈரம் என்று வைத்துக்கொண்டால், வெளியே 49 இருக்கும்போது போவதைவிட 26 இருக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தண்ணீர் போகும். என் முட்டை நூற்றுக்குப் பன்னிரண்டு இழந்த இடத்தில் உன் முட்டை பதினேழு, பதினெட்டு இழந்திருக்கிறது. பாவம், அவை 18 நாளும் தாகத்தோடு கிடந்திருக்கின்றன.

அதனால் நீ முதல் நாளிலிருந்தே தண்ணீர் வை. 45க்கும் 55க்கும் நடுவில் நிறுத்து. இதில் ஒன்று கவனி. கடைசி மூன்று நாளுக்கு நீ வைத்தது சொம்பு. சொம்பில் எவ்வளவு ஆழம் தண்ணீர் இருந்தாலும் மேலே காற்றுப் படுகிற வாய் சின்னது. ஈரம் ஏறுவது ஆழத்தால் இல்லை, பரப்பால். டீக்கடைத் தட்டு மாதிரி அகலமாக, விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும். அதுவும் பத்தவில்லை என்றால் அதில் ஒரு பருத்தித் துணியை நனைத்து விளிம்பில் தொங்கவிடு. ஏறினால் துணியை எடுத்துவிடு. ஊற்றுகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பெட்டி அரைமணி நேரம் குளிர்ந்து கிடக்கும். காற்றுத் துளையை அடைத்து ஈரத்தைக் கூட்டலாம் என்று மட்டும் நினைக்காதே. முதல் வாரம் பெரிதாகத் தெரியாது, கடைசி வாரத்தில் அத்தனை குஞ்சும் மூச்சு விடுகிற பெட்டி அது.

மீட்டரை இனிமேல் நம்பலாமா என்று கேட்பாய். அதற்குத்தான் பொட்டலத்தில் நம் ஊர்க் கல்லுப்பு அனுப்புகிறேன், பாப்பா அதைத் தின்றுவிடப்போகிறாள், பார். ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம் உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவா. கரைந்துவிடக்கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடு. காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உன் மீட்டர் அஞ்சு குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான், அதைக் கூட்டிக்கொள். வெப்பமானிக்கும் ஒரு சோதனை உண்டு. காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் பெட்டியின் உணரியையும் ஒரே டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார். காய்ச்சல் தெர்மாமீட்டர் அந்தச் சூட்டுக்கென்றே செய்தது, அதைத்தான் நான் நம்புவேன்.

சூட்டைப் பற்றியும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 20ஆம் நாள் விடியலிலேயே இரண்டு வந்துவிட்டது என்று எவ்வளவு குதித்தாய்! அது நல்ல சேதி இல்லையடா. கோழிக்கு 21 நாள் கணக்கு. அதற்கு முன்னால் வந்தால் பெட்டி சூடு கூடுதல், 22, 23 என்று இழுத்தால் சூடு குறைவு. பெட்டியை எங்கே வைத்தாய் என்று கேட்டேன், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை என்றாய். பங்குனி மாசம் தாராபுரத்தில் அந்த அறை மத்தியானம் 39க்குப் போகும். நீ வாங்கிப் பொருத்திய தெர்மோஸ்டாட்டுக்குப் பல்பை அணைக்கத்தான் தெரியும், அறையைக் குளிர வைக்கத் தெரியாது. அறையே பெட்டியைவிடச் சூடானால் அது என்ன செய்யும்? முட்டைக்குக் குளிரைவிடச் சூடுதான் எமன். இரண்டு மூன்று மணி நேரம் 35க்கு இறங்கினால் வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகும். 40, 41 என்று ஏறி அதே நேரம் நின்றால் உள்ளே எல்லாம் முடிந்துவிடலாம். கடைசி வாரம் குஞ்சுகளே சூடு கிளப்பும், அதையும் சேர்த்துக்கொள். பெட்டியைக் கீழே பூஜை அறைக்குப் பக்கத்தில் இருக்கிற இருட்டு அறைக்கு மாற்று. உன் வீட்டுக்காரி திட்டினால் அக்கா சொன்னாள் என்று சொல், என்னைத் திட்டட்டும்.

ஃபேன் இருக்கிற பெட்டிக்கு 37.5லிருந்து 37.8 வரை. ஃபேன் நின்றுபோனால் சூடு அடுக்கடுக்காக நிற்கும், அப்போது முட்டையின் மேல் மட்டத்தில் 38.5 வாக்கில் இருக்க வேண்டும். உணரி எங்கே தொங்குகிறது என்றும் பார். பல்பு பக்கத்தில் தொங்கினால் அது சரி என்று சொல்லும்போது முட்டை குளிர்ந்திருக்கும். முட்டையின் முதுகு மட்டத்தில் தொங்கட்டும்.

கரண்ட் போனால் பதறாதே. அடைக்கோழியே தினமும் ஒரு தரம் எழுந்து, இரை தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டுத்தான் வரும். ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குப் பெட்டியைத் திறக்காமல் மேலே கம்பளியைப் போர்த்து, காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடு. அதற்கு மேலே போனால் வெந்நீர் பாட்டில் இரண்டு உள்ளே வை. இங்கே 2018 கஜா புயலுக்குப் பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உனக்குத் தெரியும். நல்லவேளை அப்போது என்னிடம் இந்தப் பெட்டி இல்லை.

எழுதும்போது அப்பாயி ஞாபகம் வருகிறது. பள்ளமான கூடையில் மணலைக் கொட்டி, வைக்கோல் பரப்பி, ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைப்பாளே, இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடக்கூடாதென்று. இரும்புக்கும் இடிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்குக் கிடைத்த குட்டு இன்னும் வலிக்கிறது. ஆனால் முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒத்திப் பார்ப்பாள் பார், அது வெறும் பழக்கம் இல்லை. எகிப்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மண்ணால் கட்டிய சூட்டு அறைகளில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்திருக்கிறார்கள், தெர்மாமீட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில். அங்கேயும் முட்டையைக் கண்ணிமையில் வைத்துத்தான் சூடு பார்த்தார்களாம். அப்பாயி கேட்டால் "நான் சொல்லிக்குடுத்தேன்" என்பாள்.

மீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும், நீ முட்டையைப் பார்க்கக் கற்றுக்கொள். 7ஆம் நாள், 14ஆம் நாள், 18ஆம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை மொண்ணைப் பக்கம் அழுத்திப் பிடி. காற்றறை எதுவரை இறங்கியிருக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடு. மூன்று கோடும் படிப்படியாக இறங்க வேண்டும், 18ஆம் நாள் முட்டையில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் இருந்தால் நிம்மதி. முன்னாலேயே ரொம்ப இறங்கியிருந்தால் ஈரத்தைக் கூட்டு, இறங்கவே இல்லை என்றால் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடு. இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் மளிகைக்கடைக் கிராம் தராசு ஒன்று வாங்கு. நான் அனுப்புகிற பதினாறு முட்டையும் சேர்த்து 700 கிராம் இருந்தால், 7ஆம் நாள் 667, 14ஆம் நாள் 635, 18ஆம் நாள் 616 வாக்கில் நிற்க வேண்டும். கரு கூடாததை நடுவில் ஒதுக்கினால் அதன் ஆரம்ப எடையைக் கணக்கிலிருந்து கழித்துவிடு. நான் ஒரு தரம் கழிக்க மறந்து, முட்டை அத்தனையும் காய்ந்துபோகிறது என்று பெட்டிக்குள் ஈரத்துணி போட்டு அமர்க்களம் பண்ணினேன். அத்தான் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

திருப்பிவிடுவது பாப்பா வேலை. ஒரு பக்கம் சூரியன், மறு பக்கம் நிலா என்று பென்சிலால் வரையச் சொல். நாளைக்கு மூன்று தரமோ ஐந்து தரமோ, ஒற்றைப்படையாக. அப்போதுதான் நீளமான ராத்திரி நேரம் ஒரே பக்கத்தில் விழாது. 18ஆம் நாளோடு நிறுத்திவிடு.

அந்த 18ஆம் நாள் சாயங்காலம் மூடுகிற மூடி, 21ஆம் நாள் ராத்திரிதான் திறக்க வேண்டும். இதுதான் உனக்குக் கஷ்டம். ஈரம் 65, 70க்கு ஏற வேண்டும், அதற்கு இன்னொரு தட்டும் துணியும் முன்னாலேயே வைத்துவிடு. இடையில் தண்ணீர் குறைந்தால் திறக்காமல் ஊற்ற, ட்ரிப் ஏற்றுகிற குழாயை மூடியில் ஒரு ஓட்டை போட்டுத் தட்டில் விட்டுவை. போன தரம் ஒவ்வொரு குஞ்சு வந்ததும் மூடியைத் திறந்து எடுத்தாய். திறந்த நிமிஷத்தில் ஈரம் எல்லாம் வெளியே ஓடிவிடும். ஓட்டை போட்டுவிட்டு ஓய்வு எடுத்துக்கொண்டிருக்கிற மற்றதுக்கெல்லாம் சவ்வு இறுகிவிடும். வந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்று பாப்பா சொன்னாளாம். பொரிக்கிற சமயத்தில் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வரும், இரண்டு நாள் தாங்கும். அது உள்ளேயே காயட்டும், கூவட்டும். ஒன்றின் சத்தம் கேட்டு மற்றது முயற்சி பண்ணும்.

நீ உரித்துவிட்ட குஞ்சைப் பற்றி ரொம்பக் குமைகிறாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். முதல் ஓட்டை விழுந்ததிலிருந்து வெளியே வர ஒரு ராத்திரி, சில சமயம் ஒரு நாள் முழுக்கவும் ஆகும். அந்த நேரத்தில் சவ்வில் இருக்கிற ரத்தம் குஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு உரித்தால் அந்த நரம்பு அறுந்து ரத்தம் வரும், அப்படித்தான் வந்தது. நானும் முதல் தடவை இரண்டை உரித்துக் கொன்றவள்தான். விடு.

இந்த வெள்ளிக்கிழமை அத்தான் திருப்பூர் போகிற வழியில் உன் வீட்டுக்கு வருகிறார். உமி போட்ட கூடையில் சிறுவிடை முட்டை பதினாறு கொடுத்தனுப்புகிறேன், எல்லாம் இந்த வாரம் இட்டது. வந்ததும் பெட்டியில் வைத்துவிடாதே. பஸ்ஸில் குலுங்கி வந்தது, மொண்ணைப் பக்கம் மேலே இருக்க ஒரு நாள் முழுக்க அசையாமல் இருக்கட்டும். உன் ஊர் வெயிலுக்கு அதுவரை ஃப்ரிட்ஜிலும் வைக்காதே, வெறும் அலமாரியிலும் வைக்காதே. ஒரு மண்சட்டியில் ஈர மணல் போட்டு, மேலே துணி விரித்து, அதில் வை. உன் காய்ந்த காற்று மணலின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிச் சட்டியைக் குளிர வைக்கும், அந்த வேலை இங்கே அவ்வளவு நன்றாக நடக்காது. உன் ஊர்க் காற்றாலும் ஒரு உபயோகம் இருக்கிறது பார்.

அந்த ஒரு நாளில் உப்புச் சோதனையை முடித்துவிட்டு, மீட்டர் என்ன காட்டியது என்று எனக்குச் சொல். இந்தத் தடவை நீ சொல்கிற நம்பரை நான் கேட்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நீயே போ. அத்தான் கூடையை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார், வாங்குகிற அவசரத்தில் கவிழ்த்துவிடாதே. அவர் முழங்காலைப் பற்றி விசாரி, ஆனால் மாடிக்கு மட்டும் ஏற்றாதே.

பாப்பாவுக்கு அத்தையின் முத்தம்.

அன்புடன்,
அக்கா